லெனினோட பையனுக்கு ரஷ்யப் பேரு தேடின கதை

என் பேரு லெனின். சொந்த ஊரு திருத்துறைப்பூண்டி. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, எங்க ஏரியாவுல ஸ்டாலினும் ககாரினும் ஜீவானந்தமும் டீக்கடையில ஒரே பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிப்பாங்க. எங்க அத்தை பேரு வாலண்டினா, 1963ல தெரஷ்கோவா விண்வெளிக்குப் போன கொஞ்ச நாள்ல பொறந்தவங்க. அப்பா மாரிமுத்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்துல பாதி ஆயுசக் கழிச்சவரு, வீட்ல சாமி படத்த விட நியூ செஞ்சுரி புத்தகக் கடையில வாங்கின மாஸ்கோ அச்சுப் புத்தகம் ஜாஸ்தி. அப்படிப்பட்ட வீட்லேருந்து படிக்கறதுக்காக ரஷ்யா வந்து, வேலை கிடைச்சு, யாரொஸ்லாவ்ல்ங்கற ஊர்ல (வோல்கா கரை, மாஸ்கோவுலேருந்து ரயில்ல மூணு நாலு மணி நேரம்) ரஷ்யப் பொண்ணையே கல்யாணம் பண்ணி இங்கயே செட்டில் ஆயிட்டேன். பையன் பொறக்கப் போறான்னு தெரிஞ்சப்போ, பேரு ரஷ்யப் பேராத்தான் இருக்கணும்னு முதல்ல சொன்னது என் மனைவி இல்ல, நான்தான். அவங்க குடும்பம், அவங்க ஊரு, அவங்க மண்ணு, பையன் வளரப் போறதும் இங்கதான். சரி ஒரு ரஷ்யப் பேரு செலக்ட் பண்றதுல என்ன கஷ்டம்னு நெனச்சா, அதுக்குள்ள இவ்வளவு இருக்கு. இதே மாதிரி ரெண்டு தேசத்துக் குடும்பத்துல பேரு தேடிட்டு இருக்கறவங்களுக்கு உபயோகப்படும்னு எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயத்த உடைச்சுடறேன். நம்ம ஊர்ல ரஷ்யப் பேருன்னு வெக்கறதுல முக்கால்வாசி ரஷ்யாவுல பேரே கிடையாது. லெனின்ங்கறது உல்யானோவ் வெச்சுக்கிட்ட புனைபேரு, ஸ்டாலின்ங்கறது ஜுகாஷ்விலி வெச்சுக்கிட்ட புனைபேரு, ககாரின், புஷ்கின் எல்லாம் குடும்பப் பேரு. மு.க.ஸ்டாலின் 1953 மார்ச் 1ம் தேதி பொறந்தாரு, மார்ச் 5ம் தேதி அந்த ஸ்டாலின் செத்தாரு, அதனால வந்த பேருன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா இங்க யாரும் புள்ளைக்கு ஸ்டாலின்னு கூப்பிடற பேரா வெக்க மாட்டாங்க. நான் பேங்க்ல போய் பேரு லெனின்னு சொன்னா கவுன்டர்ல இருக்கற அம்மா முதல்ல சிரிக்கும், அப்புறம் பாஸ்போர்ட்டப் பாக்கும், அப்புறம் பக்கத்து சீட்டுக்காரியக் கூப்பிட்டுக் காட்டும். பழகிடுச்சு. இதுல தப்பிச்சது எங்க அத்தை மட்டும்தான், வாலண்டினா அசல் பேரு, எங்க மாமியார் வயசு செட்ல அபார்ட்மென்ட்டுக்கு ஒரு வாலண்டினா இருப்பாங்க, அதுவும் தெரஷ்கோவா இந்த யாரொஸ்லாவ்ல் பக்கத்துக்காரங்க, இங்க நூல் மில்லுல வேலை பாத்தவங்க. எங்க அத்தை பேரக் கேட்டதும் மாமியார் "நம்ம ஊர்ப் பொண்ணு"ன்னு சொல்லிட்டாங்க.

இப்ப மெயின் மேட்டர். ரஷ்யப் பேருக்கு மூணு பாகம். கூப்பிடற பேரு, நடுவுல அப்பா பேருலேருந்து வர்ற ஒரு பேரு, கடைசியா குடும்பப் பேரு. அப்பா இவான்னா பையனுக்கு நடுப்பேரு இவானோவிச், பொண்ணுக்கு இவானோவ்னா. நம்ம இனிஷியல்தான் இது, நாம முன்னாடி ஒரு எழுத்துல சுருக்கி வெச்சுக்கறோம், இவங்க நடுவுல முழுசா விரிச்சு வெச்சுக்கறாங்க. ஸ்கூல் டீச்சர், டாக்டர், ஆபீஸ்ல பெரியவங்க, எல்லாரையும் முதல் பேரும் இந்த நடுப்பேரும் சேத்துத்தான் மரியாதையாக் கூப்பிடுவாங்க, நம்ம "சார்" "மேடம்" வேலைய அது பாக்கும். அப்ப என் பையனுக்கு என்ன? லெனினோவிச். நாளைக்கு அவன் ஒரு டாக்டர் ஆனா ஆஸ்பத்திரி முழுக்க அவன லெனினோவிச்னுதான் கூப்பிடும். இது தெரிஞ்சப்போ என் மனைவி சிரிச்ச சிரிப்புல வயித்துல இருந்த புள்ள உதைச்சான்.

சட்டப்படி அதுல எந்தத் தடையும் இல்ல. இங்க தாத்தார், செச்சென், ஆர்மீனியன்னு எவ்வளவோ ஜனங்க இருக்காங்க, ரினாத்தோவிச், மகமேதோவிச் எல்லாம் சர்வ சாதாரணம், வெளிநாட்டு அப்பா பேரு எதுவா இருந்தாலும் ஓவிச் சேத்துடுவாங்க. ரஷ்யக் குடும்பச் சட்டம் 58வது பிரிவுல இந்தப் பேரு விவகாரம் எல்லாம் இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒத்துப்போய் பேரு வெக்கணும், நடுப்பேரு அப்பா பேருலேருந்து வரணும், உங்க இனத்து வழக்கத்துல நடுப்பேரு இல்லன்னா விட்டுடலாம்னும் வழி இருக்கு. 2017லேருந்து பேருல நம்பர், ஹைஃபன் தவிர வேற குறி, கெட்ட வார்த்தை, பதவி பட்டம் இதெல்லாம் கூடாதுன்னும் சேத்துட்டாங்க. நடுப்பேர விட்டுடலாமான்னு ஒரு ராத்திரி பேசினோம். நான்தான் வேணும்னு நின்னேன். பையனோட முதல் பேரு முழுக்க ரஷ்யப் பக்கம் போகப் போகுது, எங்க பக்கத்து அடையாளம் அந்த நடுப்பேருலதான் இருக்கு, அது லெனின்ங்கறது ஒரு வேடிக்கை, ஆனா அந்த வேடிக்கை எங்க அப்பாவோட வாழ்க்கை.

அதனால முதல் டெஸ்ட்: எந்தப் பேரா இருந்தாலும் நடுப்பேரோட சேத்து சத்தமா சொல்லிப் பாக்கணும், கிளினிக்ல நர்ஸ் கூப்பிடற மாதிரி. அப்பா போன்ல முதல்ல சொன்ன பேரு விளாதிமிர். விளாதிமிர் லெனினோவிச்! பேருன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, கட்சி ஆபீஸ் பேனர்னு நெனச்சுப்பாங்க. இல்யாவும் அப்படித்தான் அடிபட்டுச்சு, அது லெனினோட அப்பா பேரு, விளாதிமிர் இல்யிச்ங்கற முழுப்பேரு எல்லார் காதுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இங்கயும் 1920கள்லேருந்து அப்படி ஒரு பைத்தியம் இருந்துச்சுன்னு அவருக்குச் சொன்னேன், விளாதிமிர் லெனினச் சுருக்கி விளத்லேன், மார்க்ஸ் லெனினச் சேத்து மார்லேன், லெனினத் திருப்பிப் போட்டு பொண்ணுங்களுக்கு நினேல், மார்க்ஸ் எங்கெல்ஸ் லெனின் அக்டோபர் புரட்சின்னு முதல் எழுத்து சேத்து மெலோர். அவரு உடனே "மெலோர் நல்லாருக்கே"ன்னாரு. போன மனைவிகிட்ட குடுத்துட்டேன்.

ரெண்டாவது டெஸ்ட்தான் ரொம்ப முக்கியம், யாரும் சொல்ல மாட்டாங்க. ரஷ்யாவுல வீட்ல முழுப்பேரச் சொல்லிக் கூப்பிடறது கோவத்துல இருக்கும்போது மட்டும்தான். மத்த நேரம் எல்லாம் செல்லப்பேரு. அலெக்சாந்தர்னா சாஷா, மிகயீல்னா மீஷா, இவான்னா வான்யா, ரமான்னா ரோமா, பாவெல்னா பாஷா. புள்ள வாழ்க்கையில பாதி நேரம் அந்தச் செல்லப்பேருலதான் இருப்பான், அதனால அதத்தான் முதல்ல செலக்ட் பண்ணணும்னு நான் சொல்வேன். இந்தியாக்காரங்களுக்கு இதுல பெரிய சிக்கல், மீஷா, வான்யா, ரோமா, சாஷா எல்லாம் நம்ம காதுக்குப் பொண்ணுப் பேரு. முழுப்பேருலயே நிகிதா இருக்கு, இங்க அசல் ஆம்பளப் பேரு, சோவியத் தலைவர் குருஷ்சேவ் பேரே நிகிதாதான், ஆனா லீவுக்கு ஊருக்குப் போனா நம்ம சொந்தக்காரங்க கவுன் வாங்கிட்டு வந்து நிப்பாங்க. பாஷா மட்டும் எங்க ஊர்ப் பசங்ககிட்ட பாஸ் மார்க் வாங்குச்சு, ஏன்னு சொல்லத் தேவையில்ல.

அப்புறம் நம்ம காதுல எப்படி விழுதுன்னு பாக்கணும். மகார்னு ஒரு பழைய பேரு, இப்ப திரும்ப ஃபேஷன் ஆகுது, என் மனைவிக்கு ரொம்பப் புடிச்சது. நான் அம்மாகிட்ட சொன்னேன். "மக்கரா? புள்ளைக்கா? பம்புசெட்டுக்குச் சொல்ற மாதிரி இருக்கேடா"ன்னுட்டாங்க. கிரீல்னு சொன்னா ஜன்னல் கம்பி. சவ்வான்னு ஒரு பேரு, அது சொல்லவே வேணாம். யாரொஸ்லாவ், ஊர் பேருக்கேத்த பேரு, இந்த ஊர உண்டாக்கின மன்னர் பேரு, ஆனா செல்லமா யாரிக். "யாரிக்கு?"ன்னு எங்க சித்தப்பா கேட்டாரு, முடிஞ்சுது. இது ரெண்டு பக்கமும் உண்டு. அம்மா ரகசியமா ஆசப்பட்ட பேரு ஹரி. ரஷ்ய மொழியில ஹ கிடையாது, அது கனமான ஒரு க்ஹ ஆயிடும், அப்படி ஆனா மூஞ்சியத் திட்டற ஒரு கொச்சை வார்த்தை மாதிரி விழும். சுகுமார்னு பேரு வெச்சவங்க இங்க படற பாட்ட நான் எழுதினா நல்லாருக்காது. ரெண்டு பாட்டிங்க வாயிலயும் ஒரு தடவ சொல்ல விட்டுப் பாருங்க, எந்த ஆப்பும் எந்த லிஸ்ட்டும் சொல்லாதது அதுல தெரிஞ்சுடும்.

லிஸ்ட்னதும் ஞாபகம் வருது. நெட்ல "அழகான ரஷ்யப் பேர்கள்"னு தேடினா வர்றதுல போரிஸ், இகோர், கென்னாதி, அனதோலி எல்லாம் இருக்கும். இதெல்லாம் இங்க தாத்தா பேரு. நம்ம ஊர்ல இன்னிக்குப் பொறந்த புள்ளைக்கு சண்முகசுந்தரம்னு வெச்சா எப்படி இருக்குமோ அப்படி. இப்ப இங்க ப்ளே ஸ்கூல்ல கூப்பிட்டா திரும்பிப் பாக்கறது மிகயீல், அர்த்யோம், மத்வெய், திமஃபெய், மார்க், லெவ். கவனிச்சீங்கன்னா இதுல மத்வெய், திமஃபெய் எல்லாம் சோவியத் காலத்துல கிராமத்துப் பேருன்னு ஒதுக்கி வெச்சது, கொள்ளுத்தாத்தா பேரு, ஒரு சுத்து சுத்தி திரும்ப வந்திருக்கு. இன்னொரு வேடிக்கை, அசல் ரஷ்யப் பேருன்னு நாம நெனக்கறதுல பெரும்பாலானது கிரேக்கம், எபிரேயம். இவான் நம்ம பைபிள் யோவான், மத்வெய் நம்ம மத்தேயு, ஃபமா நம்ம தோமா, பரங்கிமலைத் தோமாவேதான். இகோர், ஒலெக் ஸ்காண்டிநேவியாவுலேருந்து வந்தது. சுத்த ஸ்லாவ் பேரு வேணும்னா விளாதிமிர், யாரொஸ்லாவ், ஸ்வ்யதஸ்லாவ்னு கொஞ்சம்தான். அதனால "எது ஒரிஜினல் ரஷ்யன்"னு தேடறதுல அர்த்தமே இல்ல. எந்தக் குடும்பத்துல எது புழங்கிச்சுன்னு தேடணும்.

நாங்க அப்படித்தான் தேட ஆரம்பிச்சோம், இங்கதான் அந்த நடுப்பேரு எவ்வளவு பெரிய புதையல்னு புரிஞ்சுது. நம்ம ஊர்ல தாத்தாவுக்கு அப்பா பேரு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது, ஏன்னா இனிஷியல்ல ஒரு எழுத்துதான் இருக்கு. இங்க ஒரு ஆளோட முழுப்பேரு தெரிஞ்சா அவரோட அப்பா பேரு ஃப்ரீ. பொம்பளைங்க பேருலயும் அப்பா பேரு இருக்கும், அதனால கல்யாணமாகி குடும்பப் பேரு மாறினாலும் இந்த நூல் அறுந்து போகாது. ஈஸ்டர் முடிஞ்சு ஒன்பதாம் நாள் ராதனித்சான்னு ஒண்ணு வரும், எல்லாரும் கல்லறைக்குப் போய் செத்தவங்களப் பாத்துட்டு வருவாங்க. மாமியாரோட கிராமத்துக் கல்லறைக்கு நாங்களும் போனோம், மனைவி நோட்டுல ஒவ்வொரு கல்லுலயும் இருந்த மூணு பாகப் பேரையும் எழுதிக்கிட்டாங்க, நான் நடுப்பேரு எல்லாத்தையும் தனியா ஒரு பக்கத்துல எழுதினேன். ஒரே மத்தியானத்துல கல்லுல இல்லாத ஒரு தலைமுறையே கெடச்சுது.

அதுல மாமியாரோட அம்மா, ஸ்தெபானோவ்னா. அதாவது அவங்க அப்பா ஸ்தெபான். அவருக்குக் கல்லறை கிடையாது, ரெண்டாம் உலகப் போருக்குப் போனவரு திரும்பல. ரஷ்யாவுல இப்படி இல்லாத வீடு கம்மி. பாதுகாப்பு அமைச்சகத்தோட "பாம்யத் நரோதா"ங்கற ஆன்லைன் ஆவணத் தொகுப்புல பேரு, பொறந்த வருஷம், ஊரு போட்டுத் தேடினா பழைய ராணுவப் பேப்பர் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கறது கெடைக்கும், குடும்பத்துல யாராவது ரஷ்யக் கொள்ளுத்தாத்தா இருந்தா கண்டிப்பா தேடிப் பாருங்க. மாமியார் தேடினாங்க. 1942, ர்ஷேவ்ங்கற ஊர்ப் பக்கம், காணாமல் போனவர்னு ஒரு வரி. நான் உடனே முடிவு பண்ணிட்டேன், ஸ்தெபான்தான் பேரு, அதுவும் ஸ்தெபான் நம்ம ஸ்டீபன்தான், ஊர்லயும் யாருக்கும் வாய் குழறாது. மாமியார் ஒரே வார்த்தையில வேணாம்னாங்க. அல்பாயுசுல போனவங்க பேர புள்ளைக்கு வெச்சா அந்த விதியும் கூட வரும்னு இங்க ஒரு நம்பிக்கை. நம்ம ஊர்லயும் இதே பேச்சு உண்டு, அதனால எனக்கு வாதாடத் தோணல. அவங்க அந்த மனுஷனப் பாத்ததே இல்ல, ஆனா அவரத் தேடித் தேடியே அவங்க அம்மா வயசானதப் பாத்திருக்காங்க.

அப்பதான் மனைவி அந்த ஸ்கேன் பேப்பரத் திரும்பப் படிச்சாங்க. ஸ்தெபான் தீகனோவிச். அப்ப ஸ்தெபானோட அப்பா தீகன். அந்த ஆளப் பத்தி வீட்ல யாருக்கும் எதுவும் தெரியாது, போட்டோ கிடையாது, கதை கிடையாது, அவரு பையன் ஸ்தெபானோட நடுப்பேருல ஒட்டிக்கிட்டு இருந்ததால மட்டும்தான் அப்படி ஒருத்தரு இருந்தாருன்னே தெரியுது. மாமியார் கிராமத்துல வயசான ஒரு அம்மாவுக்கு போன் போட்டாங்க, அவங்க சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்காங்க, அடுப்புக் கட்டற ஆளு, ரொம்ப வயசு வரைக்கும் இருந்தாருன்னு சொன்னாங்க. ரஷ்ய வீட்ல அடுப்புன்னா பாதி ரூம் அளவுக்கு இருக்கும், குளிர்காலத்துல அது மேலயே படுத்துத் தூங்குவாங்க, அதக் கட்டத் தெரிஞ்சவனுக்கு அந்தக் காலத்துல தனி மரியாதை. ரொம்ப வயசு வரைக்கும் இருந்தாருங்கறதுலயே மாமியார் ஓகே சொல்லிட்டாங்க. ஸ்தெபானுக்கும் அது மரியாதைதான், அவரோட அப்பா பேரத்தான் திரும்ப எடுத்து வெக்கறோம்.

தீகன் லெனினோவிச். டெஸ்ட் எல்லாம் ஓட்டினோம். நர்ஸ் கூப்பிடற மாதிரி சொன்னா நல்லாருக்கு. பழைய பேரு, இப்ப திரும்ப வருது, ஆனா க்ளாஸ்ல நாலு பேருக்கு இருக்காது. ரஷ்ய எழுத்துல நடுவுல வர்ற ஹ மாதிரி சத்தம் இங்கிலீஷ்காரங்களுக்குத்தான் கஷ்டம், நம்ம "ஆகாயம்"ல வர்ற க தான் அது, அம்மா முதல் தடவையே கரெக்டா சொன்னாங்க. செல்லப்பேருதான் கொஞ்சம் இடிக்குது, தீஷா. ஊர்ல பொண்ணுப் பேராத்தான் நெனப்பாங்க. ஆனா மத்த எல்லாம் சரியா வர்றப்போ இத விட்டுக் குடுக்கலாம்னு தோணுச்சு, அப்பா அதுக்கும் வழி கண்டுபுடிச்சு "தீகா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாரு.

பேப்பர் வேலை பத்தி சொல்லாம விட்டா இதப் படிக்கறதுல பிரயோஜனம் இல்ல. பொறந்து ஒரு மாசத்துக்குள்ள ஸாக்ஸ்ல, அதாவது பதிவு ஆபீஸ்ல, பேரு பதியணும். அங்க அப்பாவோட பாஸ்போர்ட்டுக்கு நோட்டரி கையெழுத்துப் போட்ட ரஷ்ய மொழிபெயர்ப்பு கேப்பாங்க, அந்த மொழிபெயர்ப்புல உங்க பேரு எப்படி எழுதியிருக்கோ அதுதான் புள்ளையோட நடுப்பேருக்கும் குடும்பப் பேருக்கும் ஆதாரம். லெனின்ல யாருக்கும் சந்தேகம் வரல, உலகத்துலயே இந்த ஒரு பேருக்குத்தான் ஸ்பெல்லிங் கேக்க மாட்டாங்க. என் பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு கட்டத்துல அப்பா பேரு மாரிமுத்து இருக்கு, அத ஒரு மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷ் டிஎச்சப் பாத்துட்டு "மரிமுத்ஹு"ன்னு எழுதியிருந்தாரு, என் பழைய விசாப் பேப்பர் ஒண்ணுல "மரிமுத்து"ன்னு இருக்கு. ஒரு எழுத்து மாறினாலும் பின்னாடி ஒவ்வொரு ஆபீஸ்லயும் நீங்களும் உங்க புள்ளையோட அப்பாவும் ஒரே ஆள்தான்னு நிரூபிச்சுக்கிட்டு இருக்கணும். புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாப் பேப்பரையும் ஒரே ஸ்பெல்லிங்குக்குக் கொண்டு வந்துடுங்க, பொறந்தப்புறம் அந்த ஒரு மாசம் தூக்கத்துலயே போயிடும்.

குடும்பப் பேரு அப்பாவோடதா அம்மாவோடதா ரெண்டும் சேத்தான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். நாங்க மாரிமுத்து வெச்சோம். உ சத்தத்துல முடியற பேருக்கு ரஷ்ய இலக்கணத்துல வேற்றுமை உருபு சேராது, எந்த வாக்கியத்துலயும் அப்படியே நிக்கும், பதிவு ஆபீஸ் அம்மாவுக்கே அது பெரிய நிம்மதி.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ரஷ்ய எழுத்துல யோங்கறது மேல ரெண்டு புள்ளி வெச்ச எழுத்து, பாதிப் பேரு அந்தப் புள்ளிய வெக்காமயே எழுதுவாங்க. அர்த்யோம், ஃப்யோதர், செம்யோன் மாதிரி பேருல ஒரு சர்டிஃபிகேட்ல புள்ளி இருந்து இன்னொண்ணுல இல்லன்னா பென்ஷன் வரைக்கும் தலைவலி, முடிஞ்சா தவிர்த்துடுங்க. அடுத்தது இங்கிலீஷ் ஸ்பெல்லிங், ரஷ்ய பாஸ்போர்ட்ல அவங்க விதிப்படிதான் போடுவாங்க, யூரி ஐ யு ஆர் ஐ ஐன்னு வரும், இல்யாவுல ஒய் வராது. இந்தியப் பக்கம் ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களா இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற அட்டை) போடறப்போ நீங்க ஆசப்பட்ட ஸ்பெல்லிங் எழுதாம பாஸ்போர்ட்ல இருக்கறத அப்படியே எழுதுங்க. தீகன்ல இந்தக் குழப்பமே வராது, எந்த விதியில எழுதினாலும் ஒரே ஸ்பெல்லிங். வெளிநாட்டு பாஸ்போர்ட்ல நடுப்பேரு ரஷ்ய எழுத்துல மட்டும்தான் வரும், இங்கிலீஷ் வரியில வராது, அதனால ஏர்போர்ட்ல எவனும் லெனினோவிச்னு பாத்துட்டு சிரிக்கப் போறதில்ல.

பதிவு ஆபீஸ்ல அந்த அம்மா ஃபார்ம வாங்கிப் பாத்துட்டு கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்தாங்க. தீகன் லெனினோவிச் மரிமுத்து. அடுப்புக் கட்டின ரஷ்யக் கொள்ளுத்தாத்தாவோட அப்பா, புரட்சிக்காரன் பேரத் தூக்கிட்டுத் திரியற நான், திருத்துறைப்பூண்டி சங்க ஆபீஸ் மாரிமுத்து, மூணு பேரும் ஒரே வரியில. "இந்தியாவுல இப்படித்தான் பேரு வெப்பீங்களா"ன்னு கேட்டாங்க. எங்க ஜில்லாவுல வெப்போம்னு சொன்னேன்.

இப்ப ஒரு பிரச்சனை பாக்கி இருக்கு. மாமியாருக்குப் புள்ளைக்கு ஞானஸ்நானம் பண்ணணும். தீகன்ங்கற பேரு சர்ச் காலண்டர்ல இருக்கு, சதோன்ஸ்க் தீகன்னு ஒரு புனிதர், ஆகஸ்ட் 26 அவரோட நாள், காலண்டர்ல இல்லாத பேரா இருந்தா சர்ச்சுல கிட்டத்தட்ட வர்ற வேற பேரு வெச்சுத்தான் ஞானஸ்நானம் பண்ணுவாங்க, அந்த வகையில நமக்கு வேலை மிச்சம்னு அவங்க காலண்டரோட வந்து நிக்கறாங்க. அப்பாகிட்ட போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "சோவியத்துல கூடவா"ன்னாரு. சோவியத் போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுப்பான்னேன். மாமியார்கிட்ட தானே நேரடியா பேசிக்கறேன்னு சொல்லியிருக்காரு, அவருக்கு ரஷ்யன் தெரியாது, இவங்களுக்குத் தமிழ் தெரியாது, நடுவுல மொழிபெயர்க்கப் போறது நான்.